ராய்முண்ட் வாசித்த வரி

2019 நவம்பர் 16, சனிக்கிழமை பிற்பகல், போலந்தின் சிலேசிய நிலக்கரி நகரமான பிட்டோமில், அலோய்ஸ் காய்தாவின் சமையலறையில் நான்கு நிமிடப் படம் ஒன்று ஓடியது. படத்தின் மொழி நார்வேஜியன். அதில் பேசியவள் அலோய்ஸின் மகள் சபினா. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் யாருக்கும் நார்வேஜியன் தெரியாது.

படத்தை அங்கே கொண்டுவந்தவர் அலோய்ஸின் மனைவி த்ருதா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்து, சாயங்காலம் தன் வீட்டுக்கு உரிப்பவர். எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் சுரங்கக்காரர்களுக்காகக் கட்டியவை. கரி படிந்து கறுத்த செங்கல், சிவப்புச் சாயம் அடித்த ஜன்னல் சட்டங்கள். நவம்பர் வந்துவிட்டால் அடுப்புப் புகை மேலே போகாது. தெருவிலேயே இறங்கிப் படுத்துக்கொள்ளும். துணியை வெளியே காயப்போட்டால் மறுபடியும் துவைக்க வேண்டும் என்பதால் த்ருதா பரணில்தான் காயப்போடுவார். அந்த வருடம் பரணுக்கு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார். அதை அலோய்ஸிடம் சொல்லவில்லை. அவருக்கு அது காதிலேயே தெரிந்தது.

அலோய்ஸ் இருபத்தைந்து ஆண்டுகள் சுரங்கத்துக்குள் மின்வேலை பார்த்தவர். சர்க்கரை நோய் அவர் பார்வையின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. ஓரங்கள் தெரியும். நேராகப் பார்த்தால் பார்த்த பொருள் காணாமல் போகும். எதிரே நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். புதிதாக வருகிறவர்கள், மனிதர் கோபமாக இருக்கிறார் என்று நினைப்பார்கள்.

"இருபத்தஞ்சு வருசம் இருட்டுல இருந்ததுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப சும்மாவே இருக்கச் சொல்றாங்க" என்பார்.

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இருட்டு அவ்வளவு பழக்கம்னா நிலவறைக்குப் போய் ஒரு வாளி கரி அள்ளிக்கிட்டு வா" என்பார் த்ருதா.

சபினா அவர்களுக்கு ஒரே மகள். ஆறு வருடங்களுக்கு முன் நார்வேயில் பெர்கன் நகருக்கு, முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். பெட்டியோடு வாசலில் நின்றவளிடம் அலோய்ஸ் சொன்னது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "ஊரான் வீட்டுக் கிழவனுங்களுக்குக் குண்டி கழுவப் போறவளுக்கு இங்க அப்பன் கிடையாது." அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் த்ருதா கைபேசியை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போய், காயும் துணிகளுக்கு நடுவே நின்று மகளிடம் பேசிவிட்டு வருவார். கீழே இறங்கியதும் அலோய்ஸ் கேட்பது ஒரே கேள்வி: "துணி காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு" என்பார் த்ருதா. மகள் நலம் என்று அதற்கு அர்த்தம்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு அப்படி ஒரு பேச்சில்தான் சபினா, நூலகத்தில் இலவசமாக வகுப்பு நடத்தினார்கள், கைபேசியிலேயே சின்னப் படம் எடுத்தேன், இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாள். "உனக்குப் புரியாதும்மா, அவங்க மொழி" என்றாள். த்ருதா மேலே ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்துக்கொண்டார். அன்று மாலையே அடுத்த படிக்கட்டில் குடியிருக்கும் ராய்முண்ட் ஹனுசெக்கின் கதவைத் தட்டினார்.

ராய்முண்ட் எங்கள் வரிசையின் லெக்டர். இங்கே தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் போட்டால் யாரும் குரல் மாற்றி நடிப்பதில்லை. கதாநாயகன், கதாநாயகி, கொலைகாரன், பாதிரியார் என எல்லோருடைய பேச்சையும் ஒரே ஆண்குரல், ஒரே தொனியில் வாசித்துக்கொண்டே போகும். அடியில் அசல் குரல் மெலிதாகக் கேட்கும். அப்படி வாசிப்பவர்தான் லெக்டர். படம் முடிந்த பிறகு அவர் இருந்ததே யாருக்கும் நினைவில்லை என்றால் அவர் நல்ல லெக்டர்.

ராய்முண்டுக்கு அது தொழில் அல்ல. சுரங்கத்தின் ஒலிபெருக்கி அறையில் அறிவிப்பாளராக இருந்தவர். வேலைமுறை மாற்றம், பிறந்தநாள் வாழ்த்து, பித்தளை வாத்தியக் குழுவின் பொல்கா நடன இசை, சில நாட்களில் விபத்துச் செய்தி எல்லாம் அவர் குரலில்தான் வந்தன. ஓய்வு பெற்ற பிறகு புறா வளர்த்தார். பிறகு, பாதியில் நின்றுபோன ஒரு துருக்கித் தொடரின் மீதியை எங்கிருந்தாவது பார்த்தே ஆக வேண்டும் என்று வரிசையிலுள்ள விதவைகள் அழுதபோது, இணையத்தில் தேடி இலவசச் செயலிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டார். படத்தின் அடியில் ஓடும் எழுத்தைத் தனியே பிரித்தெடுக்க ஒன்று, அதை மொழிபெயர்க்க ஒன்று, குரலைப் பதிய ஒன்று, குரலையும் படத்தையும் சேர்த்து ஒட்ட ஒன்று. தலையோடு இறகுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எதிரொலி வராமல், வியர்க்க வியர்க்க வாசிப்பார். சுல்தானின் ஆசைநாயகி விஷம் குடித்ததும் அவர் குரலில்தான். பின்னணியில் புறாக்கள் குனுகும். கிழவிகள் அதை அரண்மனைப் புறாக்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன படம் இது?" என்றார் ராய்முண்ட், த்ருதாவின் கைபேசியைக் கையில் வாங்கி.

"சபினா எடுத்தது. லோயிஸுக்குக் கேக்கணும்." அலோய்ஸை எல்லாரும் கூப்பிடுவது அப்படித்தான்.

"அவகிட்டயே நம்ம மொழியில எழுதிக் கேளேன். அஞ்சு நிமிச வேலை."

"கேட்டா எதுக்குன்னு கேப்பா. அப்பாவுக்குன்னு சொன்னா படத்தையே எடுத்துடுவா. அந்தாளு பொண்ணுதானே."

"லோயிஸ் கேக்க மாட்டேன்னா?"

"அவ குரலை ஆறு வருசமா அந்த மனுசன் கேக்கல, ராய்முண்டு. அர்த்தம் புரியலேன்னாலும் பரவால்ல, குரல் கேட்டாப் போதும். ஆனா வெறும் நார்வேஜியனைப் போட்டா, அணைன்னு எந்திரிச்சுப் போயிடுவான். நீ படிச்சா உக்காந்து கேப்பான். உன்னைக் குத்தம் சொல்றதுக்காகவாவது கேப்பான்."

ராய்முண்ட் அந்த வாரம் புறாக்கூட்டைச் சுத்தம் செய்யவில்லை. படத்தின் அடியில் சபினா நார்வேஜியனில் எழுதியிருந்த வரிகளைப் பிரித்தெடுத்தார். மொழிபெயர்க்கும் இடத்தில் ஊட்டினார். வந்ததைப் படித்து முதலில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே எல்லார் வீட்டிலும் வேகும் உருளைக்கிழங்கு உருண்டைக்கு க்ளுஸ்கி என்று பெயர். குழம்பு தேங்குவதற்காக நடுவில் பெருவிரலால் ஒரு குழி வைப்போம். இயந்திரம் அதை 'தொப்புளுள்ள பந்து' என்று எழுதியிருந்தது.

அதற்குச் சில வரிகள் கீழே இருந்ததைப் படித்துவிட்டுக் கணினியை மூடினார்.

வியாழக்கிழமை த்ருதா நிலவறையில் கரி அள்ளிக்கொண்டிருந்தபோது ராய்முண்ட் இறங்கி வந்தார். ஒற்றை விளக்கு. ஈரக் கரியின் வாடை. த்ருதா மண்வாரியை நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். க்ளுஸ்கிக் குழியை மெசின் தொப்புள்னு சொல்லுது. அப்புறம் ஒரு வரி இருக்கு."

"என்ன வரி?"

ராய்முண்ட் சொன்னார். "'என் அப்பா மோசமானவர்.'"

த்ருதா மண்வாரியைச் சுவரில் சாய்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணியிலும் கரிதான் இருந்தது.

"மெசின் தப்பாச் சொல்லியிருக்கும். தொப்புள்னு சொல்லுச்சுன்னியே."

"நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா அது தடுமாறுறது சமையல் சமாச்சாரத்துல, சுத்தி வளைச்சுச் சொல்ற வாக்கியத்துல. இது பச்சைப்புள்ளை பேசற வாக்கியம், த்ருதா. அப்பா, மோசம். இதுல தப்பு வர என்ன இருக்கு?"

"அதை விட்டுட்டுப் படி."

"முடியாது."

"ஏன் முடியாது? ஒரு வரி. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவனுக்குக் கண்ணுதான் போச்சு. அவ வாயைத் திறந்து பேசறா, பின்னால நான் ஒண்ணும் சொல்லலேன்னா, என்னடா முழுங்கினேன்னு கேப்பான். சரி, அவ பேச்சையே அந்த இடத்துல வெட்டிடலாம்னு வை. செயலியில வெட்டுறது வெண்ணெய் வெட்டுற மாதிரிதான். ஆனா நான் வெட்ட மாட்டேன்."

"பெரிய நியாயஸ்தன்."

"நியாயம் இல்ல. ஒலிபெருக்கியில ஒருதரம் விபத்துப் பட்டியல்ல ஒரு பேரை விட்டுட்டுப் படிக்கச் சொன்னாங்க. வீட்டுக்குச் சொல்லிட்டு அப்புறம் படிக்கலாம்னாங்க. விட்டுட்டுப் படிச்சேன். பட்டியல்ல புருசன் பேர் இல்லேன்னு அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போய்ச் சூப்பைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தா. அதுலேருந்து எழுதினதைப் படிக்கிறேன், இல்லேன்னா படிக்கிறதே இல்ல. நீ முடிவு பண்ணு. வேணாம்னா அழிச்சிடுறேன், லோயிஸுக்கு இப்படி ஒரு படம் இருந்ததே தெரியாது."

த்ருதா வாளியின் விளிம்பில் உட்கார்ந்தார். மேலே யாரோ படிக்கட்டில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டு, அது அடங்கும்வரை பேசாமல் இருந்தார்.

"அன்னிக்கு வாசல்ல நீயும் இருந்தே இல்ல?"

"இருந்தேன். பெட்டியை நான்தான் பஸ்ஸுக்குத் தூக்கிட்டுப் போனேன்."

"அவ வழியில ஏதாவது சொன்னாளா?"

"'மாமா, கை மாத்திக்கங்க, கனம்'னா. வேற ஒண்ணும் சொல்லல."

த்ருதா எழுந்தார். "படி. அவ சொன்னதைச் சொல்லிட்டா. அவளுக்கு அதைச் சொல்ல வேற மொழி ஒண்ணு கத்துக்க வேண்டியிருந்திருக்கு. அந்த மனுசன் கேட்டுத்தான் ஆகணும்." பிறகு, வாளியைக் காட்டி, "சும்மாதானே நிக்கிறே, இதைத் தூக்கு" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் ராய்முண்ட் கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அடுப்பில் சிவப்பு முட்டைக்கோஸ் பன்றிக்கொழுப்போடு வதங்கிக்கொண்டிருந்தது. அலோய்ஸ் மேசையருகே உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, கிழவிங்களுக்கு மட்டும்தான் படம் காட்டுவேன்னு நெனச்சேன்."

"இது புதுசு. நார்வேப் படம்."

அலோய்ஸின் கை மேசைமேல் நின்றது. "யாரு நடிச்சது?"

த்ருதா சொன்னார். "நடிக்கல. பேசுறா. உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன்" என்றார் அலோய்ஸ்.

படம் ஓடியது. திரையில் இரண்டு கைகள் மட்டும்தான். சபினாவின் முகம் எங்கும் வரவில்லை. குரல் முதலில் வந்தது. அரை மூச்சு தாமதித்து அதன்மேல் ராய்முண்டின் குரல்.

"இது என் கை. நான் முதியவர்களைக் கழுவுகிறேன். உணவு ஊட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு உருளைக்கிழங்குப் பந்துகள் செய்கிறேன். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தொப்புள் வேண்டும்."

"தொப்புளா?" என்றார் அலோய்ஸ்.

"குழி. மெசின் அப்படிச் சொல்லுது. கேளு."

"என் வீட்டில் தொப்புள்களை அப்பா செய்தார். அவருடைய பெருவிரல் பெரியது. அதில் ஒரு நீலக் கோடு இருந்தது. நிலக்கரி உள்ளே தங்கிவிட்டது."

அது உண்மைதான். சுரங்கத்தில் வெட்டுப்பட்டால் ஆறுவதற்குள் தூள் உள்ளே போய்விடும். அந்த வடு சாகும்வரை நீலமாக இருக்கும். அலோய்ஸ் தன் வலது பெருவிரலை இடது கையால் மூடிக்கொண்டார்.

"என் அப்பா மோசமானவர். அதனால் தொப்புளை என் விரலால் செய்கிறேன். இங்கே யாருக்கும் இதன் பெயர் தெரியாது. அவர்கள் தட்டை மீண்டும் நீட்டுகிறார்கள்."

படம் முடிந்தது. முட்டைக்கோஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் த்ருதா எழுந்திருக்கவில்லை. அலோய்ஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். அதாவது கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் போடு."

போட்டார்கள். முடிந்ததும் அலோய்ஸ் கேட்டார். "ஏண்டா, ஒரு இடத்துல ஏன் அவ்வளவு வேகமாப் படிச்சே?"

"எந்த இடம்?"

"உனக்குத் தெரியும். லெக்டர் அப்படிப் படிக்கக் கூடாது. துருக்கிக்காரி சாகறப்பகூட நீ அப்படிப் படிக்கல."

ராய்முண்ட் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"த்ருதா, அவ குழி எப்படிப் போடுறா?"

"ஆழமா."

"எவ்வளவு?"

"பாதிக்கு மேல போகுது. அடி மெலிஞ்சு கிடக்கு."

"வெந்தா பிஞ்சுடும்." "அவ குரல் உன் குரல் மாதிரி ஆயிருச்சு" என்றார். பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

த்ருதா எழுந்து சட்டியை இறக்கினார்.

"இங்கேருந்து பேசினா அங்க கேக்குமா?" என்றார் அலோய்ஸ், ராய்முண்டிடம். "போன்ல இல்ல. போன்ல அவ பேசாம இருந்தா நானும் பேசாம இருந்துடுவேன். இந்த மாதிரி. பேசி முடிச்சு அனுப்புற மாதிரி."

ராய்முண்ட் வீட்டுக்குப் போய் ஒலிவாங்கியும் இறகுப் போர்வையும் கொண்டுவந்தார். அலோய்ஸின் தலைமேல் போர்வையைப் போர்த்தியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "சுரங்கத்துலகூட இவ்வளவு புழுக்கம் இல்லடா. புறா நாத்தம் வேற."

"பேசு. சிவப்புப் புள்ளி எரியுது."

"எனக்கு எங்க தெரியுது?"

"எரியுதுன்னு சொல்றேன் இல்ல, பேசு."

அலோய்ஸ் பேசியது இது. "சபினா. அப்பா பேசுறேன். ராய்முண்டு உன் படத்தைப் படிச்சுக் காட்டினான். பொம்பளைப் பேச்சு அவனுக்குச் சுத்தமா வரல. நீ என்னைப் பத்திச் சொன்னது சரி. அந்த வார்த்தையை வாசல்ல வச்சு உன்கிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது. இப்ப உங்கம்மா தினம் சாயங்காலம் என் காலைக் கழுவி விடுறா. புண்ணு வந்திருக்கான்னு விரல் விரலாப் பிரிச்சுப் பார்க்கிறா. எனக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது, கண்ணும் கிடையாது, அவ பார்த்தாத்தான் உண்டு. அது என்ன வேலைன்னு இப்பத்தான் தெரியுது. நீ ஊரானுக்கெல்லாம் பார்க்கிறே." நடுவில் இருமினார். இருமல் நீளமாக இருந்தது. "அப்புறம், குழி ஆழமாப் போகுதாம், அம்மா சொல்றா. மேலாக்க வை. விரலை வச்சதும் எடுத்துடணும். அவ்வளவுதான்."

போர்வையை நீக்கியபோது முகம் நனைந்திருந்தது. புழுக்கம் என்று சொல்லிக்கொண்டார்.

ராய்முண்ட் கணினியில் அந்தக் குரலைத் திறந்தார். பச்சை நிறத்தில் மேடும் பள்ளமுமாக, ஊருக்கு வெளியே சுரங்கக் கழிவு கொட்டிய குன்றுகள் போலத் தெரிந்தது. இரைச்சலை அகற்ற ஒரு வசதி உண்டு. யாரும் பேசாத இடத்தைக் காட்டிக்கொடுத்தால், அந்த இடத்தில் இருக்கும் ஓசை எதுவோ அதை முழுப் பதிவிலிருந்தும் எடுத்துவிடும். ராய்முண்ட் ஆரம்பத்து அமைதியைக் காட்டினார். இருமலையும் கையோடு வெட்டினார். மீண்டும் போட்டபோது குளிர்பெட்டியின் முனகல் இல்லை, அடுப்பு இல்லை, அலோய்ஸின் நெஞ்சில் எப்போதும் இருக்கும் சீழ்க்கை இல்லை. வானொலிக்காரர் மாதிரி ஒருவர் பேசினார்.

"சுத்தமா இருக்கு பாரு" என்றார் ராய்முண்ட்.

"யாரு இது?" என்றார் த்ருதா.

"லோயிஸ்தான்."

"இதுல லோயிஸ் எங்க இருக்கான்? எல்லாத்தையும் திருப்பி வை. இருமலையும் வை."

"இருமல் எதுக்கு? அசிங்கமா இருக்கு."

"அவ இந்த வீட்ல பொறந்ததுலேருந்து அதைக் கேட்டுத்தான் தூங்கினா. வை."

ராய்முண்ட் எல்லாவற்றையும் திருப்பி வைத்தார். பிறகு த்ருதாவின் கைபேசியிலிருந்து அனுப்பினார்கள்.

மறுநாள் ஞாயிறு. த்ருதா வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, அகலப் பாத்திரத்தில் அமுக்கி, கரண்டியால் நான்காகக் கோடு போட்டு, ஒரு பங்கை அள்ளி அந்தக் காலி இடத்தில் மாவைக் கொட்டிக்கொண்டிருந்தார். அளவுபாத்திரம் யாரும் வைத்துக்கொள்வதில்லை, இதுதான் கணக்கு. கைபேசி ஒலித்தது. பரணுக்குப் போக நேரமில்லை. மாவுக் கையோடு அங்கேயே எடுத்தார்.

"அம்மா. அப்பா அனுப்பினதைக் கேட்டேன்." சபினா அழுதிருந்தது தெரிந்தது. "அவர் எதைச் சரின்னு சொல்றார்?"

"நீ சொன்னதை."

"நான் என்ன சொன்னேன்? அந்த நீலக் கோட்டைப் பத்திச் சொன்னேன். அதுல சரி தப்பு என்ன?"

த்ருதா கதவைப் பார்த்தார். அலோய்ஸ் உள்ளறையில் வானொலியில் பூசை கேட்டுக்கொண்டிருந்தார். "அவரை மோசமானவர்னு சொன்னியே."

"யாரு?"

"நீதான். ராய்முண்டு படிச்சான். 'என் அப்பா மோசமானவர், அதனால் என் விரலால் செய்கிறேன்.'"

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று.

"அம்மா, அது 'தோர்லி'. இங்க நாள் முழுக்க அதைத்தான் சொல்றோம். மூணாம் நம்பர் அறைத் தாத்தா தோர்லி, இன்னிக்குச் சாப்பிடல. பாட்டி தோர்லி, டாக்டரைக் கூப்பிடு. உடம்பு சரியில்லேன்னு அர்த்தம்மா. நாம சொல்றதில்லையா, அப்பாவுக்கு மோசமா இருக்குன்னு. அது. அப்பாவுக்கு முடியல, இனிமே குழி வைக்கிற வேலை என் விரலுக்கு வந்துருச்சுன்னு சொன்னேன்."

த்ருதா நாற்காலியில் உட்கார்ந்தார். மாவு மடியில் கொட்டியது.

"நான் அப்படிச் சொல்லுவேன்னு அவர் நம்பிட்டாரா?"

"நாங்க மூணு பேருமே நம்பினோம்" என்றார் த்ருதா.

சபினா மூக்கை உறிஞ்சினாள். "அவர் இருக்காரா?"

"பூசை கேக்கிறார்."

"குடு."

த்ருதா உள்ளே போய் வானொலியை அணைத்தார். "என்ன, பாதிரியார் இன்னும் முடிக்கலையே" என்ற அலோய்ஸின் கையில் கைபேசியை வைத்து, அதை அவர் காதுவரை தூக்கிவிட்டார்.

"அப்பா."

"ம்."

"நான் உங்களை மோசமானவர்னு சொல்லல. உடம்பு சரியில்லேன்னு சொன்னேன். மெசின் மாத்திருச்சு."

அலோய்ஸ் அதை யோசித்தார். த்ருதா கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார்.

"அப்ப நான் அனுப்பினதைத் திருப்பி எடுத்துக்கலாமா?"

"முடியாது."

"நெனச்சேன்" என்றார் அலோய்ஸ். "சரி. குழி எப்படி வந்துச்சு இன்னிக்கு?"

"இன்னும் பண்ணல. சாயங்கால வேலை எனக்கு."

"மேலாக்க வை."

"கேட்டேன்பா. பதினஞ்சு தடவை கேட்டேன். இருமலோட."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை த்ருதா கேட்கவில்லை. சமையலறைக்குத் திரும்பி மாவைப் பிசைந்தார். உள்ளறையிலிருந்து அலோய்ஸின் குரல் நீண்ட நேரம் வந்துகொண்டிருந்தது. அவர் தன் கண் மருத்துவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சங்கதி தெரிந்ததும் ராய்முண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"ஒரே ஒரு வரி, லோயிஸ். அதை வெட்டிட்டு, 'என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை'ன்னு புதுசாப் படிச்சு ஒட்டிடுறேன். ஒட்டின இடமே தெரியாது."

"வேணாம்."

"தப்புடா அது. எழுதினதை அப்படியே படிக்கிறவன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் தப்பைப் படிச்சிருக்கேன்."

"தப்பு மெசினோடது. நீ எழுதினதைத்தான் படிச்சே. கொஞ்சம் வேகமாப் படிச்சே, அவ்வளவுதான்."

"மாத்தினா கேக்க நல்லா இருக்கும்."

"நான் அதுக்குப் பதில் சொல்லியாச்சு. நீ வரியை மாத்திட்டா, கேள்வியே இல்லாம ஒருத்தன் பதில் சொன்ன மாதிரி ஆயிடும். இருக்கட்டும் விடு." பிறகு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பி, அதாவது ராய்முண்டைப் பார்த்து, "தொப்புளை வேணா மாத்து. அதைக் கேட்டாத்தான் கூச்சமா இருக்கு" என்றார்.

"அதையும் மாத்த மாட்டேன்" என்றார் ராய்முண்ட். "மாத்தினா எல்லாத்தையும் மாத்துவேன்."

"சாப்பிட்டுட்டுப் போறியா, இல்ல நின்னுக்கிட்டே இருக்கப் போறியா?" என்றார் த்ருதா.

இணையத்தில் அந்தப் படத்துக்கு இப்போது சபினாவே எழுதிச் சேர்த்த போலிஷ் வரிகள் இருக்கின்றன. அதில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அலோய்ஸின் கைபேசியில் இருப்பது ராய்முண்டின் பழைய பதிவு. டிசம்பர் 21, சனிக்கிழமை சபினா வந்தாள். மறுநாள் மதியம் க்ளுஸ்கிக்கு அலோய்ஸ் குழி வைத்தார். சில உருண்டைகளில் இரண்டு குழிகள் இருந்தன.